மெழுகு முதல் ரெசின் வரை: சின்ன வார்ப்புகளின் வரலாறு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கும் ஊர் ஆட்டையாம்பட்டி. இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே சேலம், நாமக்கல் பக்கத்து மக்களுக்கு முறுக்குதான் நினைவுக்கு வரும். அதிலும் கை முறுக்கு. பிசைந்த மாவை விரல் நுனியில் திரித்துத் திரித்து வட்டமாகச் சுற்றிவிடுவது கை முறுக்கு. அதே மாவை முறுக்கு அச்சில் போட்டுப் பிழிந்தால் வேலை சீக்கிரம் முடியும். எல்லாம் ஒன்று போலவே இருக்கும். கையால் சுற்றினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறித்தான் வரும், நேரமும் அதிகம் ஆகும். ஆனாலும் கை முறுக்குக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

கையா, அச்சா என்கிற இந்தக் கேள்வி முறுக்கோடு நின்றுவிடவில்லை. கோயில் சிலை, கொலுசில் கோக்கும் சலங்கை, பல்லுக்குள் வைக்கும் தங்கம், பொம்மை ரயிலின் சக்கரம் என்று பல பொருள்களின் வரலாற்றில் இதே கேள்வி வருகிறது. இன்று வீட்டு மேசையில் உட்கார்ந்து, சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, மாடல் கப்பலுக்குப் பீரங்கியும் மாடல் காருக்குச் சக்கரமும் செய்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பார்ப்பதற்குப் புதிய பொழுதுபோக்கு போலத் தெரிந்தாலும், இதன் வேர் சில ஆயிரம் ஆண்டுகள் பழமையானது. அந்த வேரின் ஒரு முக்கியமான கிளை காவிரிக் கரையில் இருக்கிறது.

ரெசின் என்றால் பிசின்

ரெசின் என்ற சொல்லுக்கு நேர்த் தமிழ் பிசின். மரத்தில் வடியும் பிசின்களை மனிதன் மிகப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறான். சாம்பிராணி, குங்கிலியம் எல்லாம் பிசின்களே. அரக்கு மரத்திலிருந்து நேரடியாக வருவதில்லை, மரத்தில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. ஆனாலும் சூடு செய்தால் இளகுவதும் ஆறினால் இறுகுவதும் அதற்கும் உண்டு. நகைகளின் உட்கூட்டுக்குள் பொற்கொல்லர்கள் அரக்கு நிரப்புவது இந்தக் குணத்தை நம்பித்தான்.

இன்றைய ரெசின் வேறு வகை. இரண்டு திரவங்களைக் கலந்ததும் அவற்றுக்குள் வேதிவினை நடந்து கெட்டியாகிவிடும். மறுபடி சூடு செய்தாலும் பழைய திரவம் திரும்பி வராது. நெய் உறைவதற்கும் முட்டை வேகுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. உறைந்த நெய்யை உருக்கலாம், வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டை ஆக்க முடியாது.

ஒரு சிலைக்கு ஓர் அச்சு

மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது மெழுகு வார்ப்பு முறை. மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்த நடன மங்கை சிலை இந்த முறையில் செய்யப்பட்டது. அதன் உயரம் சுமார் 10.5 சென்டிமீட்டர்தான். அந்த வகையில் அதுவும் ஒரு சின்ன வார்ப்புதான்.

சோழர் காலத்தில் தமிழ்நாட்டில் இந்தக் கலை உச்சம் தொட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளை அக்கோயில் கல்வெட்டுகள் பட்டியல் இடுகின்றன. ஒவ்வொன்றின் உயரமும் முழம், விரல் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் அதே முறையில் வார்க்கிறார்கள். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அங்கே வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து அளவு எடுக்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி அதில் உருவத்தைச் செய்கிறார்கள். குங்கிலியம் சேர்ப்பதால்தான் மெழுகு விறைப்பாக நிற்கும், நுணுக்கமான வேலைக்கு ஈடு கொடுக்கும். ஆக, ரெசின் இல்லாமல் சோழர் மரபுச் சிலையும் இல்லை!

மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரியின் நைஸான வண்டல் மண்ணைப் பூசுவார்கள். சிலையின் நுணுக்கம் முழுவதும் இந்தப் பூச்சில்தான் பதியும். அது நிழலில் காய்ந்த பிறகு அடுத்தடுத்த பூச்சுகள் கனமான மண்ணில் வரும். பெரிய சிலை என்றால் கம்பி கட்டி பலப்படுத்துவார்கள். உலோகம் உள்ளே போக ஒரு வழியும், காற்று வெளியேற வேறு வழியும் விடுவார்கள். காற்று வெளியேறாவிட்டால் விரல் நுனியோ மூக்கு நுனியோ நிரம்பாமல் போய்விடும்.

வார்த்து ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதே சிலை இன்னொன்று வேண்டும் என்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். எனவே இந்த முறையில் பிறந்த எந்த இரண்டு சிலையும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. கை முறுக்கு மாதிரியே!

எடைக் கணக்கு

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? இதற்கு விடை 12-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கிறது. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் சுமார் 1130-ல் இயற்றிய மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூல் மெழுகு வார்ப்பை விவரிக்கிறது. மெழுகு உருவத்தை முதலில் எடை போட வேண்டும். செம்பு, பித்தளை என்றால் அதைப் போல எட்டு முதல் பத்து மடங்கு, வெள்ளி என்றால் 12 மடங்கு, பொன் என்றால் 16 மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கணக்கு.

இன்றைய அடர்த்தி அட்டவணையோடு இதை ஒப்பிட்டால் ஆச்சரியமாக இருக்கும். தேன்மெழுகின் அடர்த்தி சுமார் 0.96. வெள்ளியின் அடர்த்தி 10.5. அதாவது மெழுகைப் போல சுமார் 11 மடங்கு வெள்ளி தேவை. நூல் 12 மடங்கு என்கிறது. உலோகம் போகும் வழியில் தங்கிவிடும் மிச்சத்தையும் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். தூய பொன்னுக்கு 20 மடங்கு வேண்டும். 16 மடங்கு என்பது 18 காரட் போன்ற கலப்புப் பொன்னுக்குப் பொருந்தும். இன்றும் நகை வார்ப்புப் பட்டறைகளில் மெழுகை எடை போட்டு உலோகத்தின் அடர்த்தியால் பெருக்குகிறார்கள். கிட்டத்தட்ட 900 ஆண்டுகளாக மாறாத வழக்கம் இது.

சிவபுரம் நடராசர்

அச்சை உடைத்துவிட்டாலும் சிலையைப் பார்த்து இன்னொரு சிலை செய்ய முடியும் அல்லவா? அது எவ்வளவு பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கும்பகோணம் அருகே உள்ள சிவபுரம் ஒரு சாட்சி.

1951-ல் சிவபுரத்தில் மண்ணுக்கடியிலிருந்து சில சோழர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர். ஊர்க் கோயிலில் வைக்கப்பட்ட அந்தச் சிலை 1950-களின் நடுவில் பழுது பார்க்க வெளியே கொண்டுபோகப்பட்டது. திரும்பி வந்தது அதே மாதிரி செய்யப்பட்ட ஒரு நகல். மூலச் சிலை கை மாறிக் கடல் கடந்து போய்விட்டது. கோயிலில் இருப்பது மூலம் அல்ல என்பதை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ல் வெளியான தன் நூலில் குறிப்பிட்டார். 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை மூலச் சிலையை வாங்கிய செய்தி வெளியானதும் இந்தியா வழக்கு தொடுத்தது. 1976-ல் உடன்பாடு ஏற்பட்டு, 1986-ல் நடராசர் இந்தியா திரும்பினார்.

நகல் எடுப்பது குற்றமா? இல்லை. ஸ்தபதிகள் மரபுச் சிலைகளைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறார்கள். நகலை மூலம் என்று சொல்லி வைப்பதுதான் குற்றம். இந்த வேறுபாடு சின்ன ரெசின் பொம்மை வரைக்கும் பொருந்தும்.

பல் மருத்துவரும் நகைக்காரரும்

சிலைகளுக்குப் பயன்பட்ட முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்க்குள்ளும் நுழைந்தது. 1907-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், சொத்தைப் பல்லின் குழிக்கு ஏற்ற வடிவத்தை மெழுகில் எடுத்து, அதைத் தங்கத்தில் வார்த்துப் பொருத்தும் முறையை நியூயார்க்கில் சக மருத்துவர்களுக்கு விளக்கினார். காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பில்புரூக் என்ற பல் மருத்துவர் அதற்கு முன்பே இதைச் செய்து எழுதியும் வைத்திருந்தார் என்பது வெளியானதும் டாகர்டின் உரிமை நிலைக்கவில்லை.

அடுத்து வந்தவர் யுங்கர்சன். நகை வார்ப்புக்காக அவர் எடுத்த அமெரிக்கக் காப்புரிமை 1938-ல் வழங்கப்பட்டது. முதலில் ஒரு நகையை மாதிரியாகச் செய்ய வேண்டும். அதைச் சுற்றி ரப்பர் வைத்துச் சூட்டில் இறுக்கி அச்சு எடுக்க வேண்டும். அந்த ரப்பர் அச்சில் மெழுகைச் செலுத்தினால் மாதிரியைப் போலவே மெழுகு உருவம் கிடைக்கும். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். பிறகு வழக்கம்போல மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, சுழல் விசையால் உலோகத்தை உள்ளே தள்ள வேண்டும்.

இந்த உரிமை பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1949 ஜனவரியில் வந்த தீர்ப்பு, இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, பழைய முறைகளின் சேர்க்கைதான் என்று காப்புரிமையைச் செல்லாததாக்கியது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி எழுதி வைத்த முறை வரை நீதிபதிகள் பின்னோக்கிப் போனார்கள். இதில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜாக்சன், இந்த நீதிமன்றத்தின் கையில் சிக்காத காப்புரிமை மட்டும்தான் இனிச் செல்லும் போலிருக்கிறது என்ற பொருளில் கேலியாகக் குறிப்பிட்டது சட்ட உலகில் இன்றும் பேசப்படுகிறது.

இப்படியாக வார்ப்புக் கலை யாருக்கும் தனிச் சொத்து ஆகவில்லை. அது நல்லதாகவும் போயிற்று. ரப்பர் அச்சு முறை உலகம் முழுவதும் நகைத் தொழிலில் பரவியது. இந்தியாவுக்கும் வந்தது. கோயம்புத்தூர் போன்ற நகைத் தொழில் நகரங்களில் காஸ்டிங் நகை என்று சொல்வது இதைத்தான்.

கொலுசு ஊரில்

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்றது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்று நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டிலேயே பட்டறை வைத்து வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார். ஒருவர் கண்ணி கோப்பார். ஒருவர் பற்ற வைப்பார். ஒருவர் மெருகு போடுவார். ஒரு ஜோடி கொலுசு பல வீடுகளைச் சுற்றி வந்த பிறகுதான் கடைக்குப் போகும்.

இப்படிப்பட்ட தொழிலில் ஒரு புதிய பூ வடிவமோ சலங்கை வடிவமோ வந்தால் அது சந்தையில் தனித்துத் தெரியும். ஆனால் ரப்பர் அச்சு இருக்கும் காலத்தில், கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்து அதையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்துவிடலாம். யோசித்து வடிவம் செய்தவருக்கு மிஞ்சுவது என்ன?

இந்தியச் சட்டம் இதற்கு ஒரு விசித்திரமான எல்லை வைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்துத் தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் பொருள் செய்துவிட்டால் அதன் மேல் உள்ள பதிப்புரிமை முடிந்துவிடும். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. 51-ஆவது சலங்கையை வார்க்கும்போது தன் உரிமை கரைந்து போகிறது என்பது வீட்டுப் பட்டறைக்காரருக்கு யார் சொல்லித் தெரியும்?

அரக்குக்கு மாற்று தேடிய வீட்டு ஆய்வகம்

இனி செயற்கை ரெசினின் கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரக் கருவிகளுக்கு மின்கடத்தாப் பூச்சாக இந்திய அரக்குக்கு நல்ல கிராக்கி இருந்தது. விலையும் ஏறிக்கொண்டே போனது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட், நியூயார்க் அருகே யாங்கர்ஸ் என்ற ஊரில் தன் வீட்டு வளாகத்திலேயே ஆய்வகம் அமைத்து அரக்குக்கு மாற்று தேடினார். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து 1907-ல் அவர் உருவாக்கியதுதான் பேக்கலைட். 1909-ல் அதை உலகுக்கு அறிவித்தார்.

அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தவை குமிழ்கள். வேதிவினையின்போது வாயு கிளம்பிப் பொருள் நுரைத்துப் போய்விடும். அழுத்தத்துக்குள் வைத்துச் சூடு செய்தால் குமிழ் அடங்கிவிடும் என்பது அவர் கண்ட வழி. இன்று வீட்டில் ரெசின் வார்ப்பவர்கள் அழுத்தப் பாத்திரம் வைத்துக் குமிழை அடக்குவதும் அதே தத்துவம்தான்.

பல்செட்டிலிருந்து ஒட்டும் பசைக்கு

சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்ற வேதியியலாளர் பல்செட் செய்ய ஒரு நல்ல பொருளைத் தேடினார். வார்க்கும்போது சுருங்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் தேவை. 1938-ல் அவர் விண்ணப்பித்த காப்புரிமைதான் எபாக்சி ரெசினின் தொடக்கங்களில் ஒன்று. பல்செட்டுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் உரிமத்தை வாங்கிய சீபா நிறுவனம், இது எதையும் ஒட்டும் என்று கண்டுகொண்டு 1946-ல் அரால்டைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் இரண்டு டியூப் அரால்டைட் இல்லாத வீட்டுக் கருவிப் பெட்டி குறைவு. குழாய் ஒழுகினால் பிசைந்து வைக்கும் எம்-சீலும் எபாக்சி வகைதான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1937-ல், ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனை உருவாக்கினார். மாடல் செய்பவர்கள் இன்று அதிகம் பயன்படுத்துவது இந்த வகை. கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும். தமிழ்நாட்டில் ஃபைபர் பட்டறைகளில் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மூன்றாவது வகை. விலை குறைவு. ஆனால் வாடை கடுமை, இறுகும்போது சுருக்கமும் அதிகம்.

ரெசின் கிடைத்தால் மட்டும் போதாது, அதற்கு ஏற்ற அச்சும் வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரடெரிக் கிப்பிங் பல ஆண்டுகள் சிலிக்கான் சேர்மங்களை ஆராய்ந்தார். சிலிக்கோன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். இருந்தும் இந்தத் துறையால் பெரிய பயன் வரும் என்று அவர் நம்பவில்லை. 1943-ல் அமெரிக்காவில் டவ் கார்னிங் நிறுவனம் இதற்காகவே தொடங்கப்பட்டது. பின்னர், சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிக்கோன் ரப்பர் 1950-களில் சந்தைக்கு வந்தது. 1969-ல் நிலவில் பதிந்த காலடித் தடம் கூட சிலிக்கோன் ரப்பர் அடிப்பாகம் பதித்ததுதான்!

இந்த ரப்பர் எதோடும் எளிதில் ஒட்டாது, கைரேகை அளவு நுணுக்கத்தையும் பிடிக்கும், வளைத்து எடுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மண் அச்சைப் போல உடைக்க வேண்டியதில்லை. ஓர் அச்சில் சில பத்து பிரதிகள் எடுக்கலாம். சூளையும் வேண்டாம், மூசையும் வேண்டாம். வார்ப்பு முதன்முதலாக மேசை மேல் வந்தது இப்படித்தான்.

பெரிய கம்பெனியும் சின்ன வீடும்

பிளாஸ்டிக் மாடல்களைப் பரவலாக்கிய நிறுவனங்களில் ஒன்று இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ். அது 1952-ல் கோல்டன் ஹிண்ட் என்ற கப்பல் மாடலை மலிவு விலைக்கு விற்றுப் பெரும் வெற்றி பெற்றது. இவ்வகை மாடல்களுக்கு எஃகு அச்சு வேண்டும். அச்சின் செலவு மிக அதிகம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். எனவே எல்லோருக்கும் தெரிந்த விமானமும் கப்பலும்தான் மாடலாக வந்தன. பத்துப் பேர் மட்டும் விரும்பும் ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்யாது.

அந்த இடைவெளியை நிரப்பியது வீட்டு ரெசின் வார்ப்பு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ரசிகர்கள் தாங்களே உருவம் செய்து, சிலிக்கோனில் அச்சு எடுத்து, பாலியூரித்தேனில் வார்த்துச் சிறிய எண்ணிக்கையில் விற்கத் தொடங்கினார்கள். கராஜ் கிட் என்று அவற்றுக்குப் பெயர். கார் நிறுத்தும் கொட்டகையில் செய்தது என்று பொருள். 1964-ல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய ஒசாகா பகுதியின் கையோடோ இப்படித்தான் பெரிய பெயர் ஆனது.

இங்கும் பழைய கேள்வி எழுந்தது. சினிமாவிலும் கார்ட்டூனிலும் வரும் பாத்திரத்தை உருவமாகச் செய்து விற்க யாருக்கு உரிமை? 1985-ல் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற கண்காட்சியில் இதற்கு ஓர் அழகான வழி வழக்கத்துக்கு வந்தது. அதுதான் ஒரு நாள் உரிமம். செய்பவர் முன்கூட்டியே மாதிரியைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கண்காட்சி நாளில் அந்த இடத்தில் மட்டும் விற்கலாம். ஒரு பங்கு உரிமையாளருக்குப் போகும். பெரிய கம்பெனி சின்னவரை வழக்குப் போட்டு நசுக்கவும் இல்லை, சின்னவர் திருடவும் இல்லை.

மேசை மேல் நடப்பது

வீட்டு ரெசின் வார்ப்பின் படிகளைப் பார்த்தால் சுவாமிமலை அப்படியே தெரியும்.

முதலில் மாதிரி. அதைப் பாதி உயரம் வரை களிமண்ணில் பதித்து, சுற்றிச் சிறிய பெட்டி கட்டி, மேல் பாதிக்குச் சிலிக்கோன் ஊற்ற வேண்டும். களிமண்ணில் அங்கங்கே சிறு குழிகள் விட்டால் இரண்டு பாதி அச்சும் பிசகாமல் பொருந்தும். பிறகு திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, பிரிப்பான் பூசி மறு பாதியை ஊற்ற வேண்டும். பிரிப்பான் பூச மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கட்டியாகிவிடும். சிலிக்கோன் ரப்பர் மற்ற எதோடும் ஒட்டாவிட்டாலும் சிலிக்கோனோடு ஒட்டும்.

கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணைத் தவிர்க்க வேண்டும். பிளாட்டினம் வினையூக்கி சேர்ந்த சிலிக்கோன் கந்தகம் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

ரெசின் போக ஒரு வழி, காற்று வர வேறு வழி. கலவை விகிதம் தவறக் கூடாது. "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்" என்ற கணக்கு எபாக்சியில் செல்லாது, அரைகுறையாகத்தான் இறுகும். ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்தால் வேதிவினையின் சூடு தேங்கிப் புகை கூட வரலாம். மழைக்காலத்தில் பாலியூரித்தேன் நுரைக்கும். அதிலுள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாவதே காரணம்.

இந்த ஐசோசயனேட் மூச்சுக் குழாயைப் பாதித்து ஆஸ்துமா உண்டாக்கக் கூடியது. எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது. பாலியெஸ்டரில் அபாயம் வேறு. அதற்கான பெராக்சைடு கடினமாக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். சமையல் பாத்திரமும் சமையலறையும் கூடவே கூடாது.

திரும்பி வந்த வட்டம்

1984-ல் சக் ஹல் என்ற அமெரிக்கர் புற ஊதா ஒளி பட்டால் இறுகும் ரெசினை அடுக்கடுக்காக இறுக வைத்து முப்பரிமாணப் பொருள் செய்யும் முறைக்குக் காப்புரிமை விண்ணப்பித்தார். 1986-ல் கிடைத்தது. 2012-க்குப் பிறகு அந்த இயந்திரம் மேசை அளவுக்குச் சுருங்கி, விலையும் குறைந்துகொண்டே வந்தது. இப்போது நகைத் தொழிலில் மாதிரியைக் கணினியில் வரைந்து ரெசினில் அச்சிடுகிறார்கள். அந்த ரெசினைச் சுற்றிச் சாந்து ஊற்றி, சூளையில் ரெசினை எரித்துவிட்டு, வெற்றிடத்தில் வெள்ளியோ தங்கமோ வார்க்கிறார்கள். மெழுகுக்கு விறைப்பு கொடுக்கத் துணையாக வந்த பிசின், கடைசியில் மெழுகின் இடத்தையே பிடித்துக்கொண்டது.

முடிவுரை

மெழுகு வார்ப்பிலிருந்து ரெசின் வார்ப்பு வரை தொழில்நுட்பம் பலருடைய கைகளைக் கடந்து வந்திருக்கிறது. டாகர்டும் யுங்கர்சனும் அதைத் தமக்கு மட்டும் சொந்தமாக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வார்க்கும் வித்தை எல்லோருக்கும் பொது. ஆனால் முதல் மாதிரியைச் செய்தவரின் உழைப்பு பொது அல்ல. மற்றவர் செய்த மாதிரியிலிருந்து அச்சு எடுத்து விற்பதை மாடல் உலகில் ரீகாஸ்ட் என்று சொல்லி இகழ்கிறார்கள். சேலத்துப் பட்டறையில் புதிதாக ஒரு சலங்கை வடிவம் செய்தவருக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். அதற்கு அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சந்தைக்கு அனுப்பும் முன்பே வடிவத்தைப் பதிவு செய்வது. 51-ஆவது பிரதிக்குப் பிறகு வருந்திப் பயன் இல்லை.

அச்சு வந்ததால் கை வேலை அழிந்துவிடும் என்ற பயம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஆனால் எந்த அச்சுக்கும் முதல் மாதிரி ஒன்று வேண்டும். அதை இன்னும் ஒரு மனிதன்தான் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அது மெழுகிலோ கணினியிலோ. முறுக்கு அச்சு எல்லா வீட்டிலும் இருக்கும் இந்தக் காலத்திலும் ஆட்டையாம்பட்டி கை முறுக்கைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.